சுத்தப் பிரதி

அறுபத்திரண்டு மனு எப்படி ஒரு மனு ஆகும்? நீங்களே சொல்லுங்கள், படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு கையெழுத்து. அதில் பதினேழு பேர் கைநாட்டு. இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் மைக்கில் சொல்கிறார்கள், எல்லாம் ஒரே வாசகமாக இருப்பதால் இதை ஒரு கருத்தாக எடுத்துக்கொள்கிறோம் என்று. ஒரு கருத்து. இருபது நாள் விரல் தேய்ந்தது ஒரு கருத்துக்கு.

பையைக் கீழே வையுங்கள், இடம் இருக்கிறது. நாலரைக்குத்தான் வண்டியை எடுப்பார்கள். நான் ஓடைக்கரைக் காலனி வரைக்கும். நீங்கள் அதற்கும் அப்பாலா? சரி. கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். முன்னால் மூன்றாவது சீட்டில் பச்சைச் சேலை உட்கார்ந்திருக்கிறதே, அவள் எங்கள் காலனிதான். என் பக்கத்து வீடு. செந்தாமரை என்று பெயர். காலையில் வரும்போது இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

என் பெயர் வசந்தகோகிலம். இதே கலெக்டர் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சராக இருந்தேன். பி.ஏ. தமிழ் படித்தவள். ஒரு காலத்தில் கவிதை எழுதுவேன், இரண்டு மூன்று அச்சிலும் வந்தது, அதை விடுங்கள். முப்பத்தோரு வருஷத்தில் நான் அடித்த தாளில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. ஒரு கறை கிடையாது. கலெக்டர் ஒருவர் சொல்வார், வசந்தகோகிலம் கொடுக்கிற பிரதியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று. அதனால்தான் காலனிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நானாகப் போகவில்லை. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் காலனிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில் ஓடை ஒன்றுதான் இருக்கிறது. அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. புகைபோக்கியில் இவ்வளவுக்கு மேல் தூசி விடக்கூடாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு அளவு இருக்கிறது. அந்த விதியை மாற்றப் போகிறார்கள். சூளையை மூட்டுகிற நேரமும் அணைக்கிற நேரமும் இனி அந்த அளவுக்குள் வராதாம். மூட்டும்போது தூசி பிடிக்கிற எந்திரத்தை ஓட்டினால் வெடித்துவிடும், அதனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து தடவைதானே மூட்டுகிறோம் என்கிறார்கள். கேட்டால் நியாயம் மாதிரிதான் இருக்கும். மக்கள் அறுபது நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தார்கள், சின்ன எழுத்தில், டெண்டர் விளம்பரத்துக்குப் பக்கத்தில். அதைக் கண்டுபிடித்தவள் செந்தாமரைதான். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள்.

அவளுக்கு அதில் இருந்த அவசரம் வேறு யாருக்கும் இல்லை. அவள் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் அதே ஆலையில் மூட்டை பிடிக்கிற இடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். இப்போது நுரையீரலில் பாதி இறுகிவிட்டது. மூன்று வார்த்தை பேசுவார், நிறுத்துவார், மூச்சை வாங்குவார், அப்புறம் நாலாவது வார்த்தை. போன பொங்கல் லீவில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னிடம் கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தைவிட்டுப் போங்கள் என்றார். எங்கே போவது? அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு வீடு.

விளம்பரத்தை எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாள். "அக்கா, ஆள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? அளவுன்னு ஒண்ணு சட்டத்துல இருக்கு. அது இருக்கிற வரைக்கும் ஏண்டா மீறுனன்னு கேக்கலாம். அதையும் எடுத்துட்டா யாருகிட்ட போயி நிக்கிறது?" என்றாள். பார்த்துக்கொள்ளலாம் போடி என்றேன்.

அப்புறம் காலனி முழுக்க என் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்வார்கள். வேம்பு என்று ஒருத்தி, இட்லிக் கடை வைத்திருக்கிறாள், குழம்பில் மண் கடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஊற வைத்த அரிசியை இரண்டு தடவை கூடுதலாகக் கழுவினாலும் சாம்பலாகவே வருகிறது, சாப்பிட வருகிறவன் இது என்ன கேழ்வரகு இட்லியா என்று கேட்கிறான் என்று அரை மணி நேரம் பேசினாள். அதையெல்லாம் அப்படியே எழுத முடியுமா? உணவின் தூய்மை பாதிப்புக்குள்ளாகிறது என்று எழுதினேன். எல்லாவற்றையும் அப்படித்தான் சீர்படுத்தினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கடைசியில் அருமையான ஒரு வாசகம் கிடைத்தது. காற்று என்பது யாருக்கும் பட்டா போட்டுத் தரப்படாத சொத்து என்று தொடங்கும். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நல்ல வாசகம் கிடைத்தபின் அடுத்த வீட்டுக்காரனுக்கு மட்டமான வாசகத்தைக் கொடுப்பதா? அதையே அறுபத்திரண்டு பேருக்கும் அடித்துக் கொடுத்தேன். பெயரும் கதவு எண்ணும் மட்டும் வேறு.

வேம்பு அதைத் தன் மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மனுவுல என்னையக் காணோமே டைப்பிஸ்ட்டம்மா," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு எப்போதும் அப்படிக் குதர்க்கமாகப் பேசத்தான் வரும். கையெழுத்தைப் போடு என்றேன், போட்டாள்.

செந்தாமரை மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டும் போகவில்லை. ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். திறந்து பார்த்தால் உள்ளே சின்னச் சின்னப் பொட்டலம். நாற்பத்தேழு பொட்டலம். நாள் காலண்டரில் தினம் கிழிக்கிறோமே, அந்தத் தாளில் மடித்தது. கோயிலில் கொடுத்த திருநீற்றை வீட்டுக்குக் கொண்டுவர மடிப்போம் பாருங்கள், அந்த மடிப்பு. தூசி கனமாக விழுகிற நாளில், அன்றைய தேதித் தாளைக் கிழித்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் நாலு பக்கமும் கல் வைத்துப் பரப்பிவிட்டு வருவாளாம். சாயங்காலம் போய், அதன்மேல் விழுந்ததை அப்படியே உள்ளே வைத்து மடித்துவிடுவாளாம். பதினோரு மாசமாக யாருக்கும் சொல்லாமல் செய்திருக்கிறாள். வீட்டுக்காரருக்கு மூச்சு எப்போது அடைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்ததாம்.

"அக்கா, தேதியப் பாருங்க. எல்லாம் செவப்பு," என்றாள்.

பார்த்தேன். எல்லாம் சிவப்பு எண்தான். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரிகள் ஆபீஸுக்கு வராத நாளாகப் பார்த்து, ஆலையில் தூசி பிடிக்கிற எந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து தடவை என்கிறானே, இங்கே பதினோரு மாசத்தில் நாற்பத்தேழு. விதியை மாற்றிவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் சூளையை மூட்டினோம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். எனக்கே உடம்பு சிலிர்த்தது. இதை நம் மனுவோடு இணைப்பாகச் சேர்த்துக் கட்டுவோம், நீ டின்னை வைத்துவிட்டுப் போ என்றேன்.

அந்த இணைப்பை நான் செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டின்னைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தேன். உள்ளே ஒரு சிட்டிகை, சிலதில் ஒரு ஸ்பூன்கூட இருக்கும், கன்னத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி அத்தனை நைசான சாம்பல். எல்லாவற்றையும் துணி துவைக்கிற கல் பக்கம் உதறினேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தாளைத் துடைத்தேன். மடிப்புக் கோடு தெரிந்தது, இஸ்திரிப் பெட்டியை லேசான சூட்டில் வைத்து ஒவ்வொன்றையும் தேய்த்தேன். பிறகு தேதி வரிசைப்படி வெள்ளைத் தாளில் ஒட்டி, பக்கத்துக்கு ஆறாக, இணைப்பு ‘அ’ என்று தலைப்புப் போட்டு, பச்சை நாடாவில் கட்டினேன். இரண்டு நாள் ஆனது. கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

தூசியோடு எப்படி அனுப்புவது? மடிப்பில் கசிந்து அறுபத்திரண்டு மனுவும் பாழாகியிருக்கும். வாங்குகிற குமாஸ்தா தும்முவான். தூக்கி மூலையில் போடுவான். எனக்குத் தெரியாதா, முப்பத்தோரு வருஷம் அந்த மேஜைகளைப் பார்த்தவள். தேதிதான் ஆதாரம். தேதி எல்லாம் அப்படியே இருக்கிறதே. தூசி ஊரெல்லாம் கிடக்கிறது.

செந்தாமரையிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். சொல்லக்கூடாது என்று இல்லை. அவள் வந்து கேட்டபோது கட்டிய கட்டைக் காட்டினேன். கை ஈரமாக இருந்தது அவளுக்கு, சேலையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நானும் நீட்டினேன்.

வண்டியை எடுத்துவிட்டார். மணி என்ன ஆகிறது உங்கள் போனில்? நாலு முப்பத்திரண்டா. சரி.

இன்றைக்கு மக்கள் கருத்தை நேரில் கேட்கிற நாள். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், இன்ஜினீயர், நாற்பது வயதுகூட இருக்காது. எல்லாரும் மேடம் மேடம் என்றார்கள். டோக்கன் கொடுத்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். செந்தாமரைக்குப் பதினான்கு, எனக்கு நாற்பத்தொன்று. மனுக்களை ஒன்றாக்கினதும் எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனாலும் இணைப்பு இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன்.

செந்தாமரை மைக்கைப் பிடித்தாள். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஞாயித்துக்கெழம விழுற தூசிய அன்னன்னிக்கே மடிச்சு வெச்சிருக்கேன் மேடம். நாப்பத்தேழு நாளு. கட்டுல இருக்கு. பிரிச்சுப் பாருங்க."

ஆலைத் தரப்பில் வந்திருந்தவர், தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, ரொம்ப மரியாதையான குரல், எழுந்து, அது லாரி போகிற ரோட்டுத் தூசியாக இருக்கும் அம்மா என்றார். அதை ஆய்வகம் சொல்லட்டும், சூளைத் தூசியும் ரோட்டுத் தூசியும் ஒன்றாக இருக்காது என்று மேடம் சொன்னார். அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்துவிட்டார். உண்மையாகவே பயந்துவிட்டார்.

மேடம் பச்சை நாடாவை அவிழ்த்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். விரலால் ஒரு தாளைத் தடவி விரலைப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். "அம்மா, தேதி எல்லாம் சரி. தூசி எங்கே?"

செந்தாமரை மேஜைப் பக்கம் குனிந்து பார்த்தாள். தேய்த்து ஒட்டின தாளைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். அவ்வளவு பெரிய அரங்கில் இருநூறு பேருக்கு நடுவில் என்னைத் தேடினாள். மூன்றாவது வரிசையில் இருந்தேன். கண்டுபிடித்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எழுந்திருப்பேன், சத்தியமாக எழுந்திருப்பேன். அவள் அப்படிப் பார்க்கவில்லை. குழந்தை பாலைக் கொட்டிவிட்டால் பார்ப்போமே, சுட்டுவிட்டதா என்று, அப்படிப் பார்த்தாள்.

"மழையில நனஞ்சி போச்சுங்க மேடம். நான்தான் மாடியிலயே டின்ன வெச்சுட்டேன்," என்றாள்.

நனைந்த தாள் இஸ்திரி போட்ட மாதிரி இருக்காதே அம்மா என்று மேடம் சொன்னார். சிரிப்பு எழுந்தது. ஆலைக்காரர் சிரிக்கவில்லை, தண்ணீர் குடித்தார். மேடம் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்து, இன்று ஐந்து மணி வரைக்கும் எழுத்தில் வாங்கிக்கொள்வோம், இந்தத் தாள்களில் தூசி இருந்ததைக் கண்ணால் பார்த்தவர், வீட்டு ஆள் அல்லாத ஒருவர், கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்கூடப் போதும், நேரில் வந்து மாதிரி எடுக்க உத்தரவு போடுவேன் என்றார். இல்லாவிட்டால் வெறும் காலண்டர் தாள் என்றுதான் அறிக்கையில் எழுத முடியும் என்றார். செந்தாமரை தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் பக்கத்துச் சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொல்லச் சொல்லவில்லை. அவளாகச் சொன்னது.

இடையில் எழுந்து பேசக்கூடாதா என்றால், கூடாது. டோக்கன் வரிசை என்று ஒன்று இருக்கிறது. இப்படி எத்தனை கூட்டத்துக்கு நான் குறிப்பு எடுத்திருக்கிறேன், இடையில் எழுந்தவர்களை எழுத்தில் எப்படிப் போடுவோம் தெரியுமா? கூச்சல் என்று போடுவோம். அதனால் காத்திருந்தேன். மூன்றரைக்கு என் முறை வந்தது. எட்டு நிமிஷம் பேசினேன். காற்றைப் பற்றிப் பேசினேன். எங்கள் காலனியில் செவ்வரளி சாம்பலாகப் பூக்கிறது, மழை பெய்து கழுவிவிட்டால்தான் அது தன் நிறத்தைத் தானே பார்க்கிறது என்று சொன்னேன். கை தட்டினார்கள். ஆலைக்காரர்கூடத் தட்டினார்.

பொட்டலத்தைப் பிரித்து உதறினதையா? இல்லை, அதைச் சொல்லவில்லை. நான் பேச எழுதி வைத்திருந்ததில் அது இல்லை.

ரயில்வே கேட். எப்போதும் இங்கே பத்து நிமிஷம் நிற்கும். என்ன சொல்கிறீர்கள்? இறங்கி எதிரே ஒரு ஆட்டோ பிடித்தால் ஐந்துக்குள் போய்விடலாமா? போகலாம்தான். போய் என்ன செய்வது, எழுத வேண்டாமா? ஆபீஸுக்கு எதிரே இருக்கிற டைப் அடிக்கிற கடைக்காரன் சனிக்கிழமை மத்தியானமே மூடிவிடுவான். கையால் எழுதலாம் என்கிறீர்கள், எனக்கு இந்தக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து கோடு நேராக வருவதில்லை. அந்த ஆபரேஷன் சமயம் பத்து நாள் எனக்குச் சோறு கொண்டுவந்து பிசைந்து வைத்தவளும் அவள்தான், அது வேறு கதை. உங்களிடம் பேனா இருக்கிறதா? இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள். என்னவென்று தொடங்குவது? கீழே கையொப்பமிடும் வசந்தகோகிலம் ஆகிய நான். அதற்கப்புறம்? நான் உதறிவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த ஆபீஸில் இன்னும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது செக்‌ஷன் கண்காணிப்பாளரே நான் வேலை கற்றுக்கொடுத்தவர். சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும். தூசியின் பொருட்டு அல்ல, தாளின் தூய்மையின் பொருட்டு என்று வர வேண்டும். அது வரவில்லை. நாலு மணியிலிருந்து மனசுக்குள் அடித்துப் பார்க்கிறேன், வாக்கியம் நிற்கவில்லை.

ரயில் போய்விட்டது. கேட்டைத் தூக்குகிறான்.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா? அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பத்தொன்பது வருஷப் பழக்கம். என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்கலாம் இல்லையா? கேட்டால் நானும் பதில் சொல்வேன். சண்டை போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். மழை என்று சொன்னால் நான் என்ன செய்வது? அதை மறுத்து நான் எழுதினால் அவள் பொய் சொன்னதாக ஆகும். அதையும் யோசிக்க வேண்டும். அவளுக்காகவும்தான் யோசிக்கிறேன்.

இந்த வளைவு தாண்டினால் ஆலை தெரியும். இன்றைக்குப் புகைபோக்கி சுத்தமாகத்தான் இருக்கும். இன்று சனிக்கிழமை.

மணி என்ன? ஐந்து ஏழா. அப்படியானால் முடிந்தது. இனி எழுதினாலும் வாங்கமாட்டார்கள். ஐந்து என்றால் ஐந்துதான், அந்த விஷயத்தில் அந்த ஆபீஸ் ரொம்பக் கறார். நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பேச்சுக் கொடுக்காமல் வந்திருந்தால் நானே இறங்கிப் போயிருப்பேன், இல்லை, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் நல்லபடியாகத்தான் சொன்னீர்கள்.

காலனி நிறுத்தம் வந்துவிட்டது. செந்தாமரை எழுந்துவிட்டாள். நாளைக்கு ஞாயிறு, போனதும் ஜன்னலுக்கெல்லாம் துண்டை நனைத்துக் கட்ட வேண்டும் அவள். இறங்கட்டும். முதலில் அவள் இறங்கிப் போகட்டும், நான் மெதுவாக.

போகவில்லையே. கீழே நிற்கிறாள். இந்த வண்டியில் கடைசிப் படி ரொம்ப உயரம், எனக்கு முட்டி மடங்காது, அவளுக்குத் தெரியும். எப்போதும் அவள்தான் பிடித்து இறக்குவாள். பாருங்கள், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை, படியைத்தான் பார்க்கிறாள், கையை மட்டும் நீட்டிக்கொண்டு.

கண்டக்டர் விசில் கொடுக்கப் போகிறார். உங்கள் பக்கம்தானே ஜன்னல். கொஞ்சம் தலையை நீட்டி அவளிடம் சொல்லிவிடுங்களேன். அந்த அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார்களாம் என்று.